வயிறு லேசானது, குடல் ஆறவில்லை

குடல் அழற்சிக்காக எடுத்துவந்த மெசலமைன் மாத்திரையை நிறுத்தும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். வயிறு அவ்வளவு நன்றாக இருந்தது. காலையில் ஒரே ஒரு தடவை கழிவறை. ரத்தம் இல்லை, சளி இல்லை. சாப்பிட்டு எழுந்தால் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் வயிறு சொன்னபடி கேட்டது. ஆறு வாரம் முன்பு தொடங்கிய புரோபயாடிக் கேப்சூல்தான் இத்தனையும் செய்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நல்ல பாக்டீரியா உள்ளே போய்க் கெட்டதை விரட்டிவிட்டது, அவ்வளவுதான். இனி அந்தப் பெரிய மாத்திரை எதற்கு?

நான்கு மாதம் கழித்து நாளைக்கு ஏழெட்டு தடவை ஓடிக்கொண்டிருந்தேன். அதில் நாலைந்து தடவை ரத்தம். நடு இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் அவசரம் திரும்ப வந்திருந்தது. அந்த அவசரத்தை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வீட்டை விட்டு வெளியே இறங்கினால் முதலில் கழிவறை எங்கே என்று கண் தேடும். அப்புறம்தான் வந்த வேலை நினைவுக்கு வரும்.

என் நோயின் பெயர் அல்சரேட்டிவ் கோலைடிஸ். பெருங்குடலின் உள்சுவரில், மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் அழற்சி. எனக்கு இடது பக்கம் வரை. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் குடல் சுவரையே எதிரியாகப் பார்த்துத் தாக்குவதால் சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசிகிறது. இதன் உறவுக்கார நோய் கிரோன்ஸ். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், சுவரின் முழுக் கனத்தையும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து ஐ.பி.டி. (இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ்) என்பார்கள். ஒரே ஒரு எழுத்து மாறினால் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்), அது வேறு விஷயம். அதில் வலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல் எல்லாம் உண்டு. ஆனால் குடல் சுவரில் புண் இருக்காது.

இந்த ஓரெழுத்து வித்தியாசத்தில் எனக்குப் போனது ஒன்றரை வருடம். ரத்தத்தை மூலம் என்று நானே முடிவு கட்டினேன். உப்புசத்தை கேஸ் என்றேன். யாரிடமும் காட்டவில்லை, வெட்கம். கடைசியில் போனபோது டாக்டர், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு முன்பே ஒரு மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கால்புரோடெக்டின் என்று அதற்குப் பெயர். அழற்சி இருக்கும் இடத்திற்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வரும். அவற்றுக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் கால்புரோடெக்டின். குடல் சுவர் புண்ணாக இருந்தால் அது மலத்தில் கலந்து வெளியே வரும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 250-ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி தீவிரமாக நடக்கிறது என்று அர்த்தம் கொள்கிறார்கள். எனக்கு 780. கொலனோஸ்கோப்பி அதை உறுதி செய்தது.

மெசலமைன் மாத்திரையும், ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் அதே மருந்தின் சப்போசிட்டரியும் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். "மருந்து மாத்திரைன்னு உடம்பைக் கெடுத்துக்காதே. குடல்ல நல்ல பாக்டீரியா குறைஞ்சா இப்படித்தான் ஆகும். புரோபயாடிக் எடு, எனக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" அக்காவுக்கு வருவது மலச்சிக்கல், எனக்கு வந்தது புண் என்ற வித்தியாசம் அப்போது இருவருக்குமே உறைக்கவில்லை. ஒரு டப்பா வாங்கினேன். ஆறு வாரத்தில் உலகமே மாறியது. மீதிக் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

திரும்பப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களா?"

"நிறுத்திட்டேன் டாக்டர். புரோபயாடிக் எடுத்தேன், வயிறு ரொம்ப நல்லா இருந்தது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பைப் புரட்டியபடி, "வயிறு நல்லா இருந்துச்சா, குடல் நல்லா இருந்துச்சா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் பார்க்கவே இல்லை. மருந்து தொடங்கி எட்டாவது வாரம் இன்னொரு கால்புரோடெக்டின் எடுக்கச் சொல்லியிருந்தார். நன்றாகத்தானே இருக்கிறோம், மலத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு அலைய வேண்டுமா என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சோதனையை எடுத்திருந்தால், ரத்தம் நின்ற பிறகும் எண் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று தெரிந்திருக்கலாம். அல்லது நன்றாக இறங்கியிருக்கிறது, இறக்கியது மெசலமைன், அதை நிறுத்தாதே என்று அவராவது சொல்லியிருப்பார். இப்போது எடுத்ததில் 1,240.

அவர் விளக்கியது எளிமையானது. மெசலமைன் முழுதாக வேலை செய்ய நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். நான் அதைத் தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் புரோபயாடிக்கைச் சேர்த்தேன். மருந்து பலன் தரத் தொடங்கிய நேரமும் கேப்சூல் உள்ளே போன நேரமும் ஒன்றாக அமைந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கைக்கு மாலை போட்டுவிட்டு மரத்தை வெட்டியிருக்கிறேன்.

அடுத்தது பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி வாரா வாரம் குறைத்துக்கொண்டே வரும் முறை. முகம் வீங்கியது, தூக்கம் போனது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இதைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. ஸ்டீராய்டை மட்டும் நானாக நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி தடுமாறும் என்று அவர் சொன்னது பயமுறுத்தியது. பயம் சில சமயம் நல்லது.

உடம்பு தேறிய பிறகு கோபம் வந்தது. முதலில் கேப்சூல் மேல், அப்புறம் என் மேல். ஒரு பக்கம் புரோபயாடிக் எல்லாமே ஏமாற்று என்று சொல்பவர்கள், இன்னொரு பக்கம் சகல வியாதிக்கும் அதுதான் மருந்து என்பவர்கள். எனக்கு இரண்டு பக்கமும் அலுத்துவிட்டது. உண்மையில் என்னதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கணக்கு. மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பகுதி பெருங்குடலில். என் கேப்சூல் டப்பாவில் போட்டிருந்தது 1,000 கோடி. படித்தபோது மலைப்பாக இருந்த எண்தான் அது. வகுத்துப் பார்த்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பதில் 3,800-இல் ஒரு பங்கு. அதிலும் இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி உயிரோடு போய்ச் சேர்வது எத்தனையோ. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறிய எண்ணிக்கையும் ஏதாவது சமிக்ஞை கொடுக்கலாம். ஆனால் "நல்ல படை உள்ளே போய்க் கெட்ட படையை விரட்டும்" என்று என் மனதில் ஓடிய போர்க்களக் காட்சி அன்றே கலைந்தது.

போனவை அங்கேயே குடியேறுவதும் இல்லை. அதே வைஸ்மன் நிறுவனத்தார் 2018-இல் செய்த ஆய்வில், மலத்தை மட்டும் பார்க்காமல் எண்டோஸ்கோப் விட்டுக் குடல் சுவரிலேயே மாதிரி எடுத்தார்கள். ஒரே புரோபயாடிக்கை எடுத்தவர்களில் சிலருடைய குடல் அந்தப் பாக்டீரியாக்களை ஏற்றுக்கொண்டது, சிலருடையது உள்ளே விடவே இல்லை. இரு தரப்பாரின் மலத்திலும் அவை வெளியே வந்துகொண்டிருந்தன. அதாவது மலத்தில் இருக்கிறது என்பதால் குடலில் தங்கிவிட்டது என்று ஆகாது. அக்காவுக்குப் பலித்தது எனக்கும் பலிக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை என்று அவளிடம் சொன்னேன். "என்னவோ போ" என்றாள்.

அடுத்தது பெயர் விவகாரம். என்னைக் கேட்டால் இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டப்பாவில் லாக்டோபாசில்லஸ் என்று இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் இனம், இனத்துக்குள் ஸ்ட்ரெயின் என்ற உள்வகை. ஆய்வுகள் நடப்பது ஸ்ட்ரெயின் மட்டத்தில். லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்று ஒன்று உண்டு. அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் முதல் எழுத்துதான் அந்த ஜிஜி. அதன் மேல் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. அதே ராம்னோசஸ் இனத்தில் வேறு ஸ்ட்ரெயினை அடைத்து விற்றால் அந்த ஆய்வு எதுவும் அதற்குப் பொருந்தாது. குழப்பம் போதாதென்று 2020-இல் லாக்டோபாசில்லஸ் பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபாசில்லஸ். பழைய டப்பாவில் ஒரு பெயர், புதிய டப்பாவில் ஒரு பெயர், உள்ளே இருப்பது ஒன்றே. நான் வாங்கிய டப்பாவில் ஸ்ட்ரெயின் எண்ணே இல்லை. ஒருவரைத் தேடிப் போகும்போது குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போன மாதிரி.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சி.எஃப்.யு. என்று போட்டிருப்பது உயிரோடு இருந்து காலனி உண்டாக்கக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை. "தயாரிக்கும்போது" என்று சின்ன எழுத்தில் இருந்தால், காலாவதி தேதி நெருங்கும்போது எத்தனை மிச்சம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலாவதி வரை இத்தனை என்று போட்டிருப்பதே மேல். உள்ளே இருப்பது உயிர். சூட்டிலும் ஈரத்திலும் சாகும். நான் மாதக்கணக்கில் வைத்திருந்தது குளியலறை அலமாரியில். வெந்நீர் ஆவி தினமும் படும் இடம். பாதி நாள் பிணங்களைத்தான் விழுங்கினேனோ என்னவோ.

சரி, அழற்சிக்கு வருவோம். இதில் கிடைத்த சித்திரம் நான் நினைத்ததைவிடச் சுவாரசியமானது. அல்சரேட்டிவ் கோலைடிஸுக்குப் புரோபயாடிக் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் உலகப் போரின்போது, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃப்ரெட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர் 1917-இல் ஓர் ஈ.கோலை ஸ்ட்ரெயினைப் பிரித்தெடுத்தார். நாம் கெட்ட கிருமி என்று பயப்படும் அதே ஈ.கோலைதான், ஆனால் இந்த ஸ்ட்ரெயின் சாது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கியிருந்த 327 பேரைப் பிரித்து ஒரு பகுதிக்கு இதையும் இன்னொரு பகுதிக்கு மெசலமைனையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். நோய் திரும்பியது இதில் 36.4 சதவீதம், மெசலமைனில் 33.9 சதவீதம். ஏறக்குறைய சமம்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, நான் செய்தது சரிதானே" என்று ஒரு கணம் தோன்றியது. சரியில்லை. அது ஒரே ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயின், நோய் அடங்கிய பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது. என் டப்பாவில் இருந்தது அது இல்லை.

இன்னொன்று, வி.எஸ்.எல். 3 என்ற பெயரில் பிரபலமான எட்டு ஸ்ட்ரெயின் கலவை. லேசான, மிதமான கோலைடிஸ் உள்ள 147 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் நோய் அடங்கியது இந்தக் கலவையை எடுத்தவர்களில் 42.9 சதவீதம், வெற்று மருந்து எடுத்தவர்களில் 15.7 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி, நாளைக்கு இரண்டு வேளை. என் கேப்சூலின் அளவில் அது நாளைக்கு 720 கேப்சூல். அதோடு அவர்களில் பெரும்பாலோர் வழக்கமான மருந்தையும் தொடர்ந்தார்கள். இந்தக் கலவைக்கும் ஒரு பெயர்க் கதை உண்டு. உருவாக்கியவருக்கும் விற்றவர்களுக்கும் நடுவே தகராறு வந்து நீதிமன்றம் வரை போனது. 2016 முதல் அமெரிக்காவில் அசல் கலவை விஸ்பயோம் என்ற வேறு பெயரில் வருகிறது. பெயரை நம்பி வாங்குவதில் இருக்கும் வில்லங்கம் இதுதான்.

கிரோன்ஸ் நோய்க்கு நிலைமை இதைவிட மோசம். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டை 165 கிரோன்ஸ் நோயாளிகளிடம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. பெருங்குடலை அறுவை செய்து எடுத்துவிட்டுச் சிறுகுடலில் பை மாதிரி அமைத்தவர்களுக்கு அந்தப் பையில் வரும் அழற்சிதான் விதிவிலக்கு. அதற்கு மேலே சொன்ன எட்டு ஸ்ட்ரெயின் கலவை பயன்படும் என்று சான்று இருக்கிறது. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையெல்லாம் தொகுத்து, அல்சரேட்டிவ் கோலைடிஸுக்கும் கிரோன்ஸுக்கும் ஆய்வுகளுக்கு உள்ளே மட்டும் புரோபயாடிக்கைப் பயன்படுத்தலாம் என்றும், பை அழற்சிக்கு அந்தக் கலவையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னது. ஐ.பி.எஸ்.ஸுக்கும் ஆய்வுக்குள் மட்டும் என்றுதான் சொன்னார்கள். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு கேள்வி நெருடிக்கொண்டே இருந்தது. அந்த ஆறு வாரத்தில் உப்புசம் குறைந்தது நிஜம். அதைச் செய்தது மெசலமைனா, கேப்சூலா? டாக்டரிடமே கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்னா ஒழுங்கா செஞ்சு பாருங்க. மாத்திரையில கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதிலும் நான் அப்போது இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார்.

ஸ்டீராய்டு முழுதாக நின்று இரண்டு மாதம் ஆன பிறகு தொடங்கினேன். கால்புரோடெக்டின் முதலில்: 70. அப்புறம் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை தடவை, ரத்தம் உண்டா, அவசரம் உண்டா, உப்புசம் பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி. இந்த இரண்டு வாரம் போரடிக்கும், ஆனால் இதுதான் முக்கியம். தொடங்கும் முன் எப்படி இருந்தோம் என்று எழுதி வைக்காதவர்கள் பின்னால் நினைவை வைத்து ஒப்பிடுவார்கள், நினைவு வாங்கிய டப்பாவுக்குச் சாதகமாகவே பேசும். என் சராசரி உப்புசம் ஐந்து.

இந்தத் தடவை ஸ்ட்ரெயின் எண் போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்கினேன். முதல் பத்து நாள் உப்புசம் ஏழுக்குப் போனது. உடம்பு பழகுகிறது, கெட்டது வெளியேறுகிறது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் டப்பாவின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தேன். கூடவே இனுலின். அது பாக்டீரியாவுக்கு உணவாகப் போடும் நார்ச்சத்து. குடல் கிருமிகள் அதை நொதிக்க வைக்கும்போது காற்று வரும். என்னைப் போன்ற வயிறுகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இனுலின் இல்லாத வேறொன்றுக்கு மாறி, நோட்டில் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் அன்று வந்தது. லாக்டோஸ், சோயா, இனிப்பூட்டி என்று கூட வருபவை பல, வயிற்றைப் புரட்டிப்போடுவது பல சமயம் இந்தக் கூட்டாளிகள்தான்.

எட்டு வாரம். உப்புசம் மூன்றுக்கு வந்தது. கழிவறை எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. கால்புரோடெக்டின் 85. எழுபது எண்பத்தைந்தானதைப் பார்த்துப் பதறி, அழற்சி ஏறுகிறதா என்று டாக்டரைக் கேட்டேன். ஒரே ஆளின் மலத்தில் நாளுக்கு நாளே இந்த அளவு ஆடும், இரண்டும் ஒன்றுதான் என்றார். கேப்சூலை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் உப்புசம் மெல்ல நாலுக்கு வந்து நின்றது.

இது என் ஓர் உடம்பில் நடந்தது, ஆய்வு அல்ல. கேப்சூல் எடுக்கிறோம் என்ற நினைப்பே உப்புசத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் என் கேள்விக்கு என் அளவில் பதில் கிடைத்தது. கேப்சூல் எனக்கு ஏதாவது செய்தது என்றால் அது காற்றின் விஷயத்தில். புண்ணின் விஷயத்தில் எதுவும் செய்யவில்லை. உப்புசம் குறைந்ததைப் பார்த்துப் புண் ஆறியது என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் தடவை நான் விழுந்த குழி. உணர்வு ஒரு கதை சொல்லும், மலப் பரிசோதனை வேறு கதை சொல்லும். இரண்டும் வேறுபட்டால் நான் இப்போது இரண்டாவதை நம்புகிறேன்.

அந்தச் சோதனையும் சில சமயம் பொய் சொல்லும், அதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை எனக்கு 310 வந்தது. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. விசாரித்ததில், முழங்கால் வலிக்கு ஒரு வாரம் ஐபுப்ரோஃபென் எடுத்திருந்தேன். அந்த வகை வலி மாத்திரைகள் குடல் சுவரை உறுத்தி இந்த எண்ணை ஏற்றும். நோயையே கிளப்பிவிடவும் கூடும். நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 60. கழிவறையில் மாதிரி எடுக்கும்போது சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல் எடுப்பது, கூடுமானால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வகத்தில் கொடுப்பது, இதெல்லாம் பழகிவிட்டது. வெட்கமும் போய்விட்டது.

யாரெல்லாம் தானாக எடுக்கக் கூடாது என்பதை மட்டும் சுருக்கிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் "இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று நானும் நம்பியவன். கடுமையான கணைய அழற்சி நோயாளிகள் 298 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் கொடுத்தவர்களில் 16 சதவீதம் பேரும் வெற்று மருந்து கொடுத்தவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்தார்கள். நன்மை எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. பவுலார்டி ஈஸ்ட், பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களின் ரத்தத்தில் கலந்து தொற்று உண்டாக்கிய சம்பவங்கள் உண்டு. ஸ்டீராய்டு அதிக அளவில் எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், கீமோ போய்க்கொண்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள்: இவர்கள் விஷயத்தில் உயிருள்ள கிருமி உள்ளே போவது சின்ன விஷயம் இல்லை. கோலைடிஸ் நோயாளிகளில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். கடும் நோய்க்கட்டத்தில், காய்ச்சலும் ரத்தமுமாக இருக்கும்போது கேப்சூலைத் தேடிப் போவது இன்னும் மோசம். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

போன வருடம் பல்லில் சீழ் வைத்து ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியிருந்தது. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைத் தடுப்பதில் சில புரோபயாடிக்குகளுக்கு நல்ல சான்று இருக்கிறது என்பதால் டாக்டரைக் கேட்டுப் பவுலார்டி எடுத்தேன். அது ஈஸ்ட், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது. பாக்டீரியா வகையாக இருந்தால் ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்கச் சொல்வார்கள். கோர்ஸ் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். முன்பு சொன்ன 2018 ஆய்வாளர்களே இன்னொரு பகுதியில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பல ஸ்ட்ரெயின் புரோபயாடிக்கைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்குச் சொந்தக் கிருமிக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானதைப் பார்த்திருக்கிறார்கள். விருந்தாளி போகாமல் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார்?

சொந்தக் கூட்டத்தைக் கவனிப்பதில் இப்போது எனக்கு ஈடுபாடு அதிகம். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட் என்ற அமிலம். நாம் தின்னும் நார்ச்சத்தை உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் நொதித்து அதைத் தயாரிக்கின்றன. அந்த வேலையில் முன்னணியில் இருக்கும் ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி என்ற பாக்டீரியா கிரோன்ஸ் நோயாளிகளிடம் குறைந்திருப்பதை 2008-இல் கண்டார்கள். வழக்கமான கேப்சூல்களில் அது கிடையாது. ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும். ஆகவே நோய் அடங்கியிருக்கும் காலத்தில் நார்ச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றுகிறேன், வாரத்துக்கு ஒரு புது வகை. நோய் கிளம்பினால் உடனே குறைத்துவிடுகிறேன்; புண் மேல் கரடுமுரடானது உராய்ந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு தடவை அனுபவித்தது போதும். ஸ்டான்ஃபோர்டில் 36 ஆரோக்கியமானவர்களிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் நொதித்த உணவுகளை அதிகம் தின்றவர்களுக்குக் கிருமி வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நான் இல்லை. அதனால் நொதித்த உணவையும் நோட்டில் எழுதித்தான் சேர்க்கிறேன்.

அக்கா இன்னும் அவளுடைய கேப்சூலை எடுக்கிறாள். அவளுக்கு ஒத்துப்போகிறது, புண் எதுவும் இல்லை என்று ஒரு தடவை பார்த்தும் விட்டோம், அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. என் மெசலமைன் தொடர்கிறது, காலையில் பல் தேய்க்கும் பிரஷுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கால்புரோடெக்டின் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. கடைசியாக எடுத்தது 55. நோய் தொடங்கி எட்டாவது வருடத்திலிருந்து புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலனோஸ்கோப்பிகள் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது ஐந்தாவது வருடம் நடக்கிறது. தேதியைக் குறித்து வைத்திருப்பது அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்.